ஊரில் ஒரு திரைப்படச் சங்கம்: தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் போலக் கூடிப் படம் பார்க்கிறோம். படம் முடிந்ததும் யாரும் கிளம்புவதில்லை. தேநீர் குடித்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு, முக்கால் மணி நேரம் பேசுகிறோம். பேச்சுக்கு முன்பே ஆளுக்கொரு சீட்டில் படத்துக்கு மதிப்பெண் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அவ்வளவுதான் எங்கள் சங்கம். இதைக் கேள்விப்பட்டு, "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எங்கேருந்து தொடங்குறது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. நாம் கூடுவது படத்துக்குப் பிறகு வரும் அந்த முக்கால் மணி நேரத்துக்காக. இடம், நேரம், படத்தின் நீளம், நாற்காலி என்று எதை முடிவு செய்யும்போதும் அந்தப் பேச்சுக்கு இடைஞ்சல் வருமா வராதா என்று மட்டும் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முன்பு நிலைமை வேறு. லண்டனில் 1925-லேயே ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது. 1947-இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா, அவர்களுடைய நண்பர்கள் சேர்ந்து கல்கத்தாவில் ஒன்றைத் தொடங்கினார்கள். ராயின் முதல் படம் வெளிவர அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. 1959-இல் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி சங்கங்கள் கூடி ஒரு தேசியக் கூட்டமைப்பை உண்டாக்கின. ராய்தான் அதன் தலைவர். 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடூரின் முதல் முழுநீளப் படம் 1972-இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் நல்ல படத்தின் பிரதி கிடைப்பதே பெரும்பாடு. இன்று படத்துக்குப் பஞ்சமில்லை, உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் நம் உழைப்பையும் அங்கேதான் போட வேண்டும்.

முதலில் ஐந்து பேர்

போஸ்டர் ஒட்டுவதற்கு முன் ஐந்து பேரைப் பிடியுங்கள். ஐந்து பேருமே சினிமாப் பைத்தியங்களாக இருந்தால் சங்கம் ஓடாது. ஒருவர் கணக்கு வைத்துக்கொள்கிறவராக இருக்கட்டும். ஒருவருக்கு ஒயர், ஸ்பீக்கர் எல்லாம் அத்துப்படியாகத் தெரியட்டும். ஊரில் நாலு பேருக்கு ஃபோன் செய்தால் நாலு பேரும் வருகிற மாதிரி ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். பள்ளி ஆசிரியர், நூலகர், மருந்துக்கடைக்காரர் யாராவது ஒருவர் எல்லா ஊரிலும் அப்படி இருப்பார். ஐந்தில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இது நாகரிகத்துக்காகச் சொல்வதில்லை. ஐந்தும் ஆண்களாக இருந்தால் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் ஆண்களின் வசதிப்படியே முடிவு செய்துவிடுவீர்கள். அப்புறம் எத்தனை அழைத்தாலும் பெண்கள் வர மாட்டார்கள். நாங்கள் முதல் நான்கு மாதம் இரவு எட்டு மணிக்குப் படம் போட்டோம். வந்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மாலை மூன்றரைக்கு மாற்றிய மாதமே கூட்டத்தில் பாதி பெண்கள்.

இந்த ஐந்து பேரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்து, மதிப்பெண் போட்டு, பேசிப் பாருங்கள். ஐந்து பேருக்குள் பேச்சு வரவில்லையென்றால் ஐம்பது பேருக்கு நடுவில் வராது.

இடமும் நேரமும்

குளிர்சாதன அரங்கு வேண்டாம். நூலகத்தின் மேல்மாடி, பள்ளியின் கூட்ட அறை, சிறிய மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், இப்படி முப்பது நாற்பது நாற்காலி கொள்ளும் இடம் போதும். போய்ப் பார்க்கும்போது பகல் மூன்றரை மணிக்குப் போங்கள். மேற்கே ஜன்னல் இருந்தால் அந்த நேரத்தில் வெயில் நேரே திரையில் விழும். கறுப்புத் துணி கட்ட ஆணி இருக்கிறதா, மின்விசிறி எவ்வளவு சத்தம் போடுகிறது, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா, மாடிப்படி ஏற முடியாதவர்கள் எப்படி வருவார்கள் என்று பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், மின்சாரம் போனால் இருபது நிமிடம் காத்திருப்போம், அதற்குள் வராவிட்டால் பார்த்தவரைக்கும் பேசுவோம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம் கடைசி பஸ். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏழேகாலுக்குப் பஸ் என்றால் ஆறே முக்காலுக்குக் கூட்டம் முடிய வேண்டும். பேச்சுக்கு முக்கால் மணி, தேநீருக்குக் கால் மணி போக, படம் ஐந்தே முக்காலுக்கு முடிந்தாக வேண்டும். நாலு மணிக்குத் தொடங்கினால் உங்கள் கையில் இருப்பது 105 நிமிடம். எந்தப் படம் போடலாம் என்பதை முதலில் பஸ்தான் முடிவு செய்கிறது. இதை மறந்துவிட்டு மூன்று மணி நேரப் படத்தைப் போட்டால் பேச்சு நடக்கும்போது பாதிப் பேர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எந்தப் படம்

முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாதாமாதம் வாட்ஸ்அப் குழுவில் "என்ன போடலாம்?" என்று கேட்டால் நூறு பெயர் வரும், முடிவு வராது. சண்டையும் வரும்.

ஆரம்பத்தில் செய்கிற பொதுவான தவறு, "உலக சினிமா" என்று அடையாளம் காட்டுவதற்காக மெதுவான, கடினமான படத்தை முதல் கூட்டத்திலேயே போடுவது. வந்தவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த மாதம் வர மாட்டார்கள். கதையைப் பின்தொடர எளிதாக, ஆனால் பேச இடம் உள்ளதாக முதல் படம் இருக்கட்டும். விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) 89 நிமிடம். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) அதே அளவுதான். சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) 96 நிமிடம். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் வாதாடுவதுதான். பார்த்தவர்களும் தானாக வாதாடத் தொடங்கிவிடுவார்கள். மூன்றுமே நம் 105 நிமிடத்துக்குள் அடங்கும்.

மூன்றாவது மாதமாவது ஒரு தமிழ்ப் படம் போடுங்கள். வெளிநாட்டுப் படமென்றால் "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்குகிறவர்கள் தமிழ்ப் படத்தில் ஒதுங்க மாட்டார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) எங்களுக்குப் பெரிய திருப்பமாக இருந்தது. அது கொஞ்சம் நீளமான படம் என்பதால் அன்று மட்டும் மூன்று மணிக்கே தொடங்கினோம். ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்டுகிற கதை. அதுவரை வாயே திறக்காத ஒரு கொத்தனார் அண்ணன் எழுந்து, கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையை எப்படி ஒதுக்குவார், கட்டட வேலைக்கு வரும் சித்தாள் பெண்ணுக்கு அது தெரிந்தும் ஏன் பேசப் பயப்படுவாள் என்று பத்து நிமிடம் விளக்கினார். படத்தில் நாங்கள் கவனிக்காமல் விட்ட மூன்று இடங்களைச் சொன்னார். அவருடைய கண்ணால் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அன்று எல்லோருக்கும் தோன்றியது.

அனுமதி

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. காசு வாங்கவில்லை, டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் எந்தப் படத்தையும் பொது இடத்தில் போட்டுவிட முடியாது. ஓடிடி சந்தா நம் வீட்டில் பார்ப்பதற்கு. அதை வைத்து மண்டபத்தில் திரையிட அது உரிமை தராது.

இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். அந்த 60 ஆண்டுகள் முடிந்துபோன பழைய படங்களைப் போடுவது எளிது என்றாலும் கதை, பாட்டு இவற்றின் உரிமை தனியாக நீடிக்கலாம். விசாரித்துக்கொள்ளுங்கள். புதிய படங்களுக்கு நேராகக் கேட்பதே சிறந்த வழி. குறும்படம், ஆவணப்படம், சுயாதீனப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஊர், இடம், எத்தனை பேர், கட்டணம் இல்லை, படத்துக்குப் பின் கலந்துரையாடல் உண்டு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். எங்களுக்குப் பெரும்பாலும் சம்மதம்தான் வந்திருக்கிறது. இரண்டு இயக்குநர்கள் பேச்சு நேரத்தில் வீடியோ அழைப்பிலும் வந்தார்கள். சென்னையில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன், அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பண்பாட்டு மையங்களிடமும் கேட்கலாம். ஜெர்மன், பிரெஞ்சுப் படங்களைக் கட்டணமில்லாத் திரையிடலுக்குத் தரும் ஏற்பாடுகள் அவர்களிடம் உண்டு.

பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழும் தேவை. குழந்தைகள் வருவார்கள் என்றால் படத்தின் பிரிவைப் பாருங்கள். பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய யு/ஏ பிரிவு 2024 முதல் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அழைப்பிலேயே அதை எழுதிவிட்டால் வாசலில் பெற்றோருடன் சங்கடப்பட வேண்டியதில்லை.

திரை, ஒலி, சப்டைட்டில்

எட்டடி அகலம், நாலரை அடி உயரம் உள்ள படம் நாற்பது பேருக்குப் போதும். புரொஜெக்டர் குறிப்பில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். அதைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று தெரியும். 1.5 என்றால் எட்டடி அகலத்துக்குப் பன்னிரண்டு அடி. அறை அளவை எடுத்துக்கொண்டு போய் வாடகைக்குக் கேளுங்கள். வெளிச்சம் 3000 ஏஎன்எஸ்ஐ லூமனுக்கு (பொதுவான தர முறைப்படி அளந்த வெளிச்ச அலகு) குறையாமல் இருக்கட்டும். ஏஎன்எஸ்ஐ என்ற சொல் இல்லாமல் பெட்டியில் பெரிய பெரிய லூமன் எண் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேலே இருக்க வேண்டும். சமதளமான அறையில் முன்வரிசைக்காரரின் தலை சப்டைட்டிலை மறைத்துவிடும். படம் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தவருக்குப் பேசத் தெம்பிருக்காது. முன்வரிசையில் பாய் விரித்து, நடுவில் நாற்காலி, கடைசியில் பெஞ்சு என்று போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஒலிக்குப் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் உதவாது. இரண்டு ஸ்பீக்கரைத் திரையின் இருபுறமும் காது உயரத்தில் வையுங்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் கிடைத்தால் பேஸை (அடித்தொனியை) குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் வசனம் கலங்கும். படம் பார்க்கப் போகும் அதே அறையில், அதே கருவியில், முந்தின நாள் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இதில் சோம்பல் கூடாது.

சப்டைட்டில் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆங்கில சப்டைட்டிலை ஓடுகிற வேகத்தில் படிக்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். மெல்ல வருவதை நிறுத்திவிடுவார்கள். தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டால், உரிமை உள்ளவரிடம் கேட்டுக்கொண்டு நீங்களே மொழிபெயர்க்கலாம். சப்டைட்டில் வசனங்கள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைக் கணினியில் நோட்பேடில் திறந்து, நேரக் குறிப்பைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்ற வேண்டும். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தில் (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்து கட்டங்கட்டமாகத் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு ஐந்தாறு சொல், அதற்கு மேல் வேண்டாம். பேச்சு அதிகமுள்ள படத்தில் ஆயிரம் வரிக்கு மேல் வரும். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடியும். அந்த நான்கு பேர்தான் கூட்டத்திலேயே ஆழமாகப் பேசுவார்கள் என்பது எங்கள் அனுபவம். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் சப்டைட்டில் முன்பின்னாக ஓடினால் ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம்.

படத்துக்கு முன் மூன்று நிமிடம்

அறிமுகம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எந்த ஊர், எந்த ஆண்டு, அந்தச் சமயத்தில் அங்கே என்ன நிலைமை. 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றால் போர் முடிந்த ரோம், வேலையில்லாத் திண்டாட்டம், அவ்வளவு போதும். கதையைச் சொல்லாதீர்கள். "இது மாபெரும் காவியம்" என்று சொல்லவே கூடாது. சொன்னால் பிடிக்காதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பேச்சு

படம் முடிந்ததும் விளக்கைச் சட்டென்று போடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடட்டும். பிறகு ஒரு விளக்கு, தேநீர், நாற்காலி வட்டம். வட்டம் முக்கியம். வரிசையாக உட்கார்ந்திருந்தால் எல்லோரும் முன்னால் நிற்பவரைப் பார்த்தே பேசுவார்கள், அது வகுப்பறை ஆகிவிடும்.

"படம் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் "நல்லா இருந்தது" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடியும். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது?" இதற்குத் தப்பான பதில் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லலாம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சொல்லலாம். வட்டமாகச் சுற்றி வந்து ஆளுக்கு ஒரு வாக்கியம். சொல்ல விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று கடத்தலாம். இந்த ஒரு சுற்றில் எல்லோர் குரலும் அறைக்குள் வந்துவிடும். ஒரு தடவை பேசியவருக்கு இரண்டாம் தடவை பேசத் தயக்கம் இருக்காது.

அடுத்து, பலரும் சொன்ன ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். கேமரா எங்கே இருந்தது, கிட்டத்திலா தூரத்திலா? அப்போது என்ன சத்தம் கேட்டது? யார் பேசவில்லை? அதற்கு முந்தின காட்சி என்ன? முடிந்தால் அந்த இரண்டு நிமிடத்தை மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். "இசையே இல்லைங்க அந்த இடத்தில்" என்று யாராவது கண்டுபிடிக்கும்போது அறையே நிமிர்ந்து உட்காரும். சினிமா மொழி என்று புத்தகத்தில் படிப்பதைவிட இப்படித்தான் அது மனதில் தங்குகிறது.

நடத்துகிறவர் கடைசியாகத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகப் பேசுகிறவர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. அவர் படத்தை நேசிக்கிறவர், அவரை இழக்கக் கூடாது. "நீங்க சொன்னதில இந்த ஒண்ணைப் பத்தி மத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போம்ண்ணே" என்று அவருடைய வாக்கியத்தையே எடுத்து வட்டத்திடம் கொடுங்கள். மனம் நோகாது. அடுத்த மாதம் அவருக்கே அறிமுகம் பேசும் பொறுப்பைக் கொடுங்கள்.

சாதி, மதம், கட்சி பேச்சில் வராமல் இருக்காது. நல்ல படம் என்றால் வரத்தான் செய்யும். தடை போட வேண்டாம். ஆனால் ஒரு விதி: எதைச் சொன்னாலும் படத்தின் ஒரு காட்சியைக் காட்டிச் சொல்ல வேண்டும். வாதம் சூடானாலும் திரையிலிருந்து விலகாமல் இருந்தால் அது ஆட்களுக்கு இடையிலான சண்டையாக மாறுவதில்லை.

மதிப்பெண்

"கலைக்கு மார்க் போடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். போடலாம் என்பது என் கருத்து. எண்ணை எழுதும்போதுதான் நாம் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்று நமக்கே தெளிகிறது. ஆனால் பேச்சுக்கு முன்பே, தேநீரோடு, பெயர் எழுதாத சீட்டில் எழுதிப் போட்டுவிட வேண்டும். பேசிய பிறகு எழுதினால் நன்றாகப் பேசியவரின் மதிப்பெண்தான் எல்லோர் சீட்டிலும் இருக்கும்.

பத்துக்கு வேண்டாம், ஐந்துக்கு வையுங்கள். பத்துக்கு என்றால் எல்லோரும் ஏழு, எட்டு என்று பாதுகாப்பாக எழுதுவார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சீட்டிலேயே பொருள் அச்சிடுங்கள். 5: வீட்டில் உள்ளவர்களை அழைத்து வந்து காட்டுவேன். 4: நானே இன்னொரு முறை பார்ப்பேன். 3: பார்த்ததில் வருத்தமில்லை. 2: பாதி பிடிக்கவில்லை. 1: எழுந்து போகத் தோன்றியது. கீழே ஒரு கோடு விட்டு, "ஏன்? ஒரே வரியில்" என்று கேளுங்கள்.

சராசரியை மட்டும் அறிவிக்காதீர்கள். 24 பேரில் எல்லோரும் 3 கொடுத்தாலும் சராசரி 3. பன்னிரண்டு பேர் 5, பன்னிரண்டு பேர் 1 கொடுத்தாலும் சராசரி அதே 3. முதல் படம் யாரையும் தொடவில்லை. இரண்டாவது ஊரை இரண்டாகப் பிரித்திருக்கிறது. அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை சீட்டு என்று கரும்பலகையில் எழுதுங்கள். 1 போட்டவர் யார் என்று கேட்கக் கூடாது, ஆனால் சீட்டில் இருக்கும் அந்த ஒரு வரியை வாசிக்கலாம். பல நாள் பேச்சு அங்கிருந்துதான் பற்றிக்கொள்ளும். அடுத்த மாதக் கூட்டத்தின் தொடக்கத்தில் அதே படத்துக்கு இன்னொரு சீட்டு கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் மனதில் ஊறிய பிறகு சில படங்கள் ஏறும், சில இறங்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.

பணமும் பதிவும்

டிக்கெட் போடாதீர்கள். போட்டால் அனுமதி, உரிமை எல்லாம் வேறு கணக்காகிவிடும். உறுப்பினர் சந்தா வாங்குங்கள். முப்பது பேர் மாதம் ஐம்பது ரூபாய் என்றால் 1500. எங்கள் ஊரில் புரொஜெக்டர் வாடகைக்கும் தேநீருக்கும் அது சரியாக இருக்கிறது. மாணவர்களிடமும் தர முடியாதவர்களிடமும் கேட்பதில்லை. வாசலில் ஓர் உண்டியல் மட்டும் உண்டு. வரவு செலவை மாதாமாதம் குழுவில் போட்டுவிடுங்கள். பணத்தில் ஒரு சந்தேகம் வந்தால் எந்தப் படமும் அதைச் சரிசெய்யாது.

சங்கத்தைப் பதிவு செய்ய அவசரமில்லை. ஆறு மாதம் ஓடிய பிறகு யோசியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வங்கிக் கணக்கு, அரசு அரங்கு, பண்பாட்டு மையங்களுக்குக் கடிதம் என்று வரும்போது பதிவு உதவும்.

ஒரு நோட்டு

கடைசியாக, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு படத்துக்கு இரண்டு பக்கம். தேதி, படம், இயக்குநர், ஆண்டு, நிமிடம், வந்தவர் எண்ணிக்கை, ஐந்து எண்ணுக்கும் விழுந்த சீட்டுகள், சீட்டுகளில் இருந்த நல்ல வரிகள், பேச்சில் எழுந்து பதில் கிடைக்காமல் போன கேள்விகள். ஒவ்வொரு மாதமும் வேறு ஒருவர் எழுதட்டும், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் புதிதாக யாராவது தயங்கி வாசலில் நின்றால் அந்த நோட்டைக் கையில் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். படம் தொடங்கும்வரை புரட்டிக்கொண்டிருப்பார்கள்.